தட்டைத் திருப்பிய கை

ஒரு கையெழுத்துதானே கேட்டாள் அக்கா, கிட்னியா கேட்டாள்? அதற்குப் போய் முடியாது என்று சொல்லிவிட்டாள் சின்னவள். அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, முகத்தில் அடித்த மாதிரி.

"என்னடி முடியாது? நீ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தானே? பதிவு நம்பர் இருக்குல்ல? முத்திரை இருக்குல்ல? அப்புறம் என்ன நோவு உனக்கு?"

"எல்லாம் இருக்குக்கா. அதனாலதான் முடியாதுங்கறேன்."

விஷயம் இதுதான். அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்து, லீவு முடிவதற்குள் மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினார். டாக்டரும் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணைப் பார்த்தார். பேஷ் என்றார். ஆனால் பஸ் கம்பெனிக்காரனுக்கு அது போதவில்லை. பதிவு பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் சோதித்து, இவர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்குள் காகிதம் வராவிட்டால் அந்த ரூட்டுக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவான்.

சின்னவளின் வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடு. வேலை வாங்கிக் கொடுக்கிற ஆபீஸா என்று கேட்டவர்கள் உண்டு. நோயோ விபத்தோ வந்து போன பிறகு, ஒரு மனிதரால் தானே சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, சமைக்க முடிகிறதா, பார்த்த வேலையை மறுபடி பார்க்க முடிகிறதா என்று சோதித்து, முடியாததை முடியவைக்கிற வேலை அது. அதற்கென்று கவுன்சில் உண்டு, சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தில், சொந்தக்காரரைச் சோதித்துச் சான்று கொடுக்காதே என்பது சின்னக் குழந்தைக்கும் புரிகிற விதி. பாசம் கண்ணை மறைக்கும், அவ்வளவுதான்.

"சட்டமாம் சட்டம்! அவர் உன் காலேஜுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டப்போ எந்தச் சட்டம் பார்த்தார்?"

அது சின்னவளுக்கு நெஞ்சில் தைத்தது. இருந்தாலும் அவள் அசையவில்லை. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற கிளினிக்குக்குப் போன் போட்டு, சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள். அங்கே இருக்கிற தெரபிஸ்டுக்குத் தொழில் வட்டாரத்தில் கறாரம்மா என்று பெயர்.

"பேரே சரியில்லையே" என்றாள் அக்கா.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமாதானம் பேசச் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான்தான் கதவைத் திறந்தார். திறந்து திரும்பும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டார்.

"இந்த நிலை குறுகல். ஆசாரியை விட்டு அகலப்படுத்தணும்" என்றார். பல வருஷமாக அதே நிலை, அதே தோள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா எப்போதும் போல அத்தானின் வலது பக்கம். எதிரே சின்னவள். அக்காவுக்குக் கோபம் மூக்கு மேலே நின்றாலும் பேச்சு நிற்கவில்லை. அவளுக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு மோட்டார், காய்கறி விலை, தங்கச்சி என்று இருந்து என்ன பிரயோஜனம், எல்லாம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது. தட்டில் வலது பக்கம் சோறு, இடது பக்கம் கீரையும் முட்டையும். அத்தான் சோற்றைச் சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். கீரையைத் தொடவில்லை, முட்டையைத் தொடவில்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

அப்போது அக்காவின் கை நீண்டது. பேச்சு மோட்டாரில் இருந்தது, கண் சின்னவள் மேல் இருந்தது, கை மட்டும் தன்பாட்டுக்குப் போய் அத்தானின் தட்டை அரை வட்டம் திருப்பியது. முட்டை வலது பக்கம் வந்தது.

"அட, முட்டை வேற வெச்சிருக்கியா!" என்று அத்தான் சாப்பிடத் தொடங்கினார்.

சின்னவளுக்குக் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் டம்ளர் வலது பக்கம், மாத்திரை வலது பக்கம், செய்தித்தாள் வலது பக்கம். அந்த வீட்டில் இடது என்று ஒன்று இல்லவே இல்லை. அக்கா எல்லாவற்றையும் இழுத்து இழுத்து இந்தப் பக்கம் வைத்துவிட்டாள். அவளுக்கே தெரியாமல்.

"அக்கா, தட்டை ஏன் திருப்பின?"

"எந்தத் தட்டை?"

"அத்தான் தட்டை. இப்போ."

"நானா? உனக்குக் கண்ணு சரியில்ல போல."

சின்னவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சான்று எழுதத்தான் சட்டம் அவளைத் தடுத்தது. ஆபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ள அதே சட்டம் விடாது. அத்தான் முகத்தைப் பார்த்தாள். காலேஜ் வாசலில் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகிறவரை நிற்கிற முகம். இவரிடமா சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அத்தான், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இடது பக்கத்தைக் கணக்குல எடுக்க மாட்டேங்குது. சில பேருக்கு இந்த நோய்க்கு அப்புறம் இப்படி ஆகும். அவங்களுக்கே தெரியாது. நாளைக்கு உங்களைச் சோதிக்கப்போற அந்தம்மாகிட்ட நான் பார்த்ததைச் சொல்லப்போறேன். உங்க முதுகுக்குப் பின்னாடி சொல்லக் கூடாது, அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

அத்தான் சிரித்தார். "என்னம்மா நீ! இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா?"

அக்கா சிரிக்கவில்லை. "கையெழுத்துதான் போடல. இப்போ வயித்துலயும் அடிக்கிறியா? கூடப் பிறந்தவதானேடி நீ? எழுந்து போடி!"

சின்னவள் எழுந்து போனாள். தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே போனாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கறாரம்மாவுக்குப் போன் போட்டாள்.

*

சனிக்கிழமை அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தார். சின்னவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அவளும் உள்ள வரட்டும். கண்ணால பார்த்துக்கட்டும்" என்றார். குரலில் சவால் இருந்தது.

கறாரம்மா குள்ளமான பெண்மணி. குரல் மட்டும் ஆளைவிட உயரம். சின்னவளின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினார்.

"இதைக் கழற்றிப் பைக்குள்ள போடுங்க. இன்னைக்கு நீங்க அவரோட மச்சினி மட்டும். வாயைத் திறந்தா வெளிய."

"சரிங்க."

"அம்மா, உங்களுக்கும் அதேதான். அவருக்கு ஒத்தாசை பண்ணக் கூடாது."

"நான் எதுக்குப் பண்றேன்? அவருக்கென்ன குறை?" என்றாள் அக்கா.

முதலில் ஒரு தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் குறுக்கேயும் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். கறாரம்மா தாளை அத்தானுக்கு நேர் எதிரே வைத்தார். வைத்த வேகத்தில் அக்காவின் கை நீண்டு தாளை வலது பக்கம் நகர்த்தியது.

"கை" என்றார் கறாரம்மா.

"ஐயோ, காத்துல பறந்துடுமேன்னு..."

"காத்தாடி நின்னுதான் இருக்கு. கையை மடியில வைங்க."

அக்கா முதன்முறையாகத் தன் கையைக் குனிந்து பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கை மாதிரி பார்த்தாள்.

அத்தான் தாளை முடித்துக் கொடுத்தார். வலது பாதி அத்தனையும் வெட்டப்பட்டிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுத்தமாக. இடது பாதியில் பேனா படவே இல்லை. "எல்லாம் முடிஞ்சுதுங்க" என்றார். கறாரம்மா தாளை வாங்கி வைத்துவிட்டு, அடுத்த அறைக்குக் கூட்டிப் போனார். அது ஒரு சமையலறை. இரட்டை அடுப்பு, பாத்திரம், மேஜை, எல்லாம் வீட்டில் இருக்கிற மாதிரியே.

"நம்ம நாலு பேருக்கும் டீ போடுங்க. வலது அடுப்புல தண்ணி, இடது அடுப்புல பால். ரெண்டையும் உங்க முன்னாடியே பத்த வைக்கிறேன். அப்புறம் நான் பேச மாட்டேன்."

அத்தான் உற்சாகமாக ஆரம்பித்தார். தூளை அளந்து போட்டார். சர்க்கரையைக் கண்டுபிடித்தார். டம்ளர்களை வரிசையாக வைத்தார், வலது பக்கமாக. இடது கை நடுங்காமல் கரண்டியைப் பிடித்திருந்தது. பார்க்கிற யாரும் இந்த மனிதருக்கு என்ன குறை என்றுதான் கேட்பார்கள். சின்னவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது, நாம்தான் அவசரப்பட்டோமோ என்று. தோற்றுப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். என் கணக்கு தப்பாகிப் போகட்டும், அக்கா ஆயுசுக்கும் திட்டட்டும், அத்தான் பால் பாத்திரத்தைப் பார்த்துவிடட்டும்.

பால் எழும்பியது.

அக்கா எழுந்துவிட்டாள். கை தானாக நீண்டது. சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கிற மாதிரி பிடித்தாள். அக்கா திமிறினாள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. பால் விளிம்பைத் தாண்டி அடுப்பில் கொட்டிச் சுர்ரென்று சத்தம் போட்டது.

"எங்கயோ பொங்குது!" என்றார் அத்தான். வலது பக்கம் திரும்பினார். வலது அடுப்பைப் பார்த்தார். இன்னும் வலதாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார், பின்னால் கதவைப் பார்த்தார். "பக்கத்து வீடா? தீயுற வாசனை வருதே. எங்கம்மா பொங்குது?"

அவருடைய இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் பால் வழிந்துகொண்டிருந்தது. கறாரம்மா போய் அடுப்பை அணைத்தார். பிறகு அத்தானின் இடது தோளைத் தொட்டு, மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார்.

அத்தான் பார்த்தார். கருகிய பாலைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார்.

"பிள்ளைங்க..." என்றார் கடைசியில். "பிள்ளைங்க எல்லாம் இடது பக்கம்தான் ஏறும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கறாரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். பூசி மெழுகாமல் சொன்னார். இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது. லைசென்ஸ் ஆபீஸுக்கு அவரே தெரிவிக்கலாம், அவர் தெரிவிக்காவிட்டால் கறாரம்மா தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். இடது பக்கம் பார்க்கப் பயிற்சி உண்டு. சிலர் மறுபடி ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார்கள், சிலரால் முடியவில்லை. அத்தான் எந்த ரகம் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

"நானே எழுதிக் கொடுக்கறேன்" என்றார் அத்தான். "பயிற்சி எப்போ ஆரம்பம்?"

"திங்கட்கிழமை."

"காலையிலயா? நமக்கு ஆறு மணிக்கே வண்டி எடுத்துப் பழக்கம்."

கறாரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேன். ஒன்பது மணிக்கு வாங்க."

வெளியே வந்ததும் அக்கா சின்னவளின் கையைப் பிடித்தாள். "நான்தான் திருப்பிட்டு இருந்தேனாடி? இத்தனை நாளும்?"

"ஆமாக்கா."

"அடிப் பாவி நானு. உன்னை வேற துரத்தினேனே."

"சோறு போட்டுட்டுத்தானே துரத்தின, விடு."

"நாளைக்கும் வா. மிச்சத்தைப் போடுறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வந்து நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுக்கா. அந்தம்மாகிட்ட கேளு."

"உன் சட்டத்தைக் கொண்டுபோய்..." என்று ஆரம்பித்த அக்கா, பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். கறாரம்மாவிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தாள்.

*

ஞாயிறு மதியம் சின்னவள் போனபோது மேஜையில் தட்டுகள் இருந்தன. அக்கா அத்தானுக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போகிற மாதிரி போனாள். போகவில்லை. சத்தம் போடாமல் சுற்றி வந்து, அவருக்கு இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

அத்தான் சாப்பிட்டார். வலது பாதி காலியானது.

"என்ன, இன்னைக்குக் கொஞ்சமா வெச்சுட்டா உங்கக்கா? எங்க போனா? சத்தத்தையே காணோம்."

சின்னவள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே மச்சினி மட்டும். அக்காவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. வாயும் திறக்கவில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியைச் சுவர்கூடக் கேட்டிருக்காது.

அத்தானுக்கு ஏதோ உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கண்ணாடி பார்க்கிறவர் மாதிரி, தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். பாதியில் நின்றது. மறுபடி திருப்பினார். கீரை தெரிந்தது. முட்டை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார், நெற்றியில் வேர்வை அரும்பியது. மேஜையின் விளிம்பு. ஒரு புடவை. ஒரு முகம்.

"நீ இங்கயா இருக்க?" என்றார். "எவ்வளவு நேரமா?"

"நான் வேற எங்க போவேன்" என்றாள் அக்கா.

அத்தான் அவளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி முட்டையை எடுத்தார்.