புதருக்குள் நின்ற வாசல்

சுரேஷ் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துக்கு வேலைக்குப் போன புதிதில் அக்கா ஆனந்திக்கு அனுப்பிய படங்களில் பாதி வெறும் புல்வெளிதான். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், ரோட்டோரம் ஒரு பலகை. முதன்முதலில் அங்கே குடியேறியவர்கள் கட்டிய தேவாலயம் அந்த இடத்தில் இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். கட்டடம் என்றைக்கோ போய்விட்டிருக்கும்.

"காரை நிறுத்தி ஒண்ணு விடாம படிக்கிறேன்க்கா," என்றான் ஒருநாள் போனில். "நம்ம கொள்ளுத்தாத்தா ஜவ்வாது மலையில கட்டினாரே, அதுக்கு யாரு பலகை வச்சாங்க?"

ஒடுகத்தூரில் மருந்துக்கடை நடத்தும் ஆனந்திக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. பஞ்ச காலத்தில் அடிவாரத்திலிருந்து நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் மலையேறிப் போய், காடு திருத்திச் சாமை விதைத்து, ஜெபம் செய்ய ஒரு கோயிலும் கட்டிக்கொண்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. விஷக்காய்ச்சலில் பாதிப் பேர் போக, மிச்சம் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அப்புறம் யாரும் மேலே போய்ப் பார்க்கவில்லை. புதூர்நாட்டுப் பக்கம், ஓடைக்கு மேலே, யானை படுத்த மாதிரி ஒரு பாறை, அதற்கு எதிரே. அப்பா சொல்லிவிட்டுப் போன அடையாளம் அவ்வளவுதான்.

அங்கே ஒரு நினைவுக்கல்லாவது நட வேண்டும் என்று ஆனந்தி சொல்ல, மலையில் ஜீப் ஓட்டும் விஜயராஜ் ஊர் ஊராக விசாரித்து அந்தப் பாறையைக் கண்டுபிடித்தார். எதிரே இருந்த நிலம் மங்கம்மாளுடையது. ஆனந்தி போய்க் கேட்டபோது அவர் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார்.

"கல்லு நடறதுக்கு இன்னா, தாராளமா நட்டுக்கோங்க," என்றார் மங்கம்மாள். "ஆனா அந்தப் புதரு பக்கம் நாங்க யாரும் போறதில்லீங்க. அது சவக்கொல்லை. பொணம் பொதச்ச எடம்னு எங்க மாமியாரு சொல்லுவாங்க. வெறகுக்குக்கூட கை வைக்க மாட்டோம்."

சுரேஷ் விடுமுறையில் வந்த வாரம் கல் தயாரானது. 'எங்கள் முன்னோர் கட்டிய தேவாலயம் இங்கே இருந்தது' என்று செதுக்கியிருந்தார்கள். அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அக்காவும் தம்பியும் போனார்கள். கல் நட இடம் வேண்டுமே என்று விஜயராஜ் கொடுவாளை எடுத்து உண்ணிச்செடியை வெட்டிக்கொண்டே உள்ளே போனார். மங்கம்மாள் வரப்பிலேயே நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வெட்டும் சத்தம் நின்றது.

"யம்மா, இங்க வாங்களேன்." விஜயராஜின் குரல் தாழ்ந்திருந்தது.

உள்ளே ஒரு பெரிய இச்சிமரம் நின்றது. அதன் வேர்கள் இரண்டு பக்கமும் இறங்கியிருந்தன. அவற்றின் நடுவே ஒரு வாசல். செங்கல் வளைவு அப்படியே இருந்தது. பூசிய சுண்ணாம்பு இன்னும் வெள்ளை மாறவில்லை. சுவரில் விழுந்த விதைதான் மரமாகியிருக்க வேண்டும். வளர்ந்த வேர் ஒவ்வொரு செங்கல்லையும் விரல் கோத்துப் பிடித்திருந்தது. கூரை போன இடத்தில் கிளைகள் கவிந்திருந்தன.

வளைவுக்கு மேலே சுண்ணாம்பு ஈரமாக இருந்தபோதே யாரோ விரலால் எழுதிய எழுத்துகள் தெரிந்தன. 'மலைச் சபை' என்று படித்த ஆனந்தி, இன்னொரு முறை படித்தாள். பிறகு திரும்பி, "மங்கம்மாக்கா!" என்று கத்தினாள். "சவம் இல்லக்கா, சபை! சபைக்கொல்லைன்னு சொன்னதுதான் வாய்ல மாறி சவக்கொல்லை ஆயிருக்கு!"

மங்கம்மாள் தயங்கித் தயங்கி வந்து வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப நாங்க பயந்ததாலதான் இது நின்னுச்சா?" என்றார்.

"பின்ன? இல்லன்னா ஆளாளுக்குப் பேத்து எடுத்துட்டுப் போயி, இந்நேரம் செங்கல்லு ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது," என்றார் விஜயராஜ்.

மங்கம்மாள் செருப்பைக் கழற்றினார். "உங்காளுங்க கட்டினதும்மா. நீங்க மொதல்ல போங்க."

ஆனந்தி குனிந்து உள்ளே நுழைந்தாள். இலைகளின் வழியாக வெளிச்சம் துளித்துளியாக விழுந்தது. எங்கோ ஒரு பழம் உதிரும் ஓசைகூடக் கேட்டது. காய்ச்சலும் பசியுமாக இருந்தவர்கள் இந்த மலையில் இத்தனை அழகாக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னால் வந்த சுரேஷ் சுவரில் கைவைத்து அழுதுகொண்டிருந்தான்.

"அங்க எத்தனை பலகை பார்த்தேன்க்கா. பின்னாடி ஒரு செங்கல்கூட இருக்காது."

கொண்டுவந்த கல்லை அன்று நடவில்லை. 'இருந்தது' என்ற சொல்லோடு அதை அந்த வாசல் முன்னால் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

"மாத்தி எழுதறப்போ கொல்லை பேரையும் சரியா போட்டுடுங்க," என்றார் மங்கம்மாள்.

புதிய கல் வந்தபோது சுரேஷ் அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்தான். விஜயராஜும் மங்கம்மாள் வீட்டு ஆட்களும் சேர்ந்து வாசலுக்குப் பக்கத்தில் அதை நட்டார்கள். சேதி கேட்டுச் சுற்றுவட்டத்திலிருந்து மலைக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். இத்தனை காலம் அந்தப் புதரைச் சுற்றிக்கொண்டு போனவர்கள், ஒவ்வொருவராகச் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். எங்கே குனிய வேண்டும் என்று மங்கம்மாள் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர்கள் சத்தமாகப் பேசவில்லை.

மங்கம்மாளின் மருமகள் நதியா கடைசியாக வந்தாள். உள்ளே போய்விட்டு வந்து ஆனந்தியின் பக்கத்தில் நின்றாள்.

"உள்ள எவ்ளோ குளுமையா கீதுங்க," என்றாள்.