மேடைக்கு அடியில் முரசு

காதில் இயர்ஃபோன் செருகிய அந்த ஆள் நாலாவது நாளாகக் கடைசிப் பெட்டியில் வந்து உட்கார்ந்தபோதே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பூங்காவைச் சுற்றிவரும் பொம்மை ரயிலில் மைக் பிடித்துக் கதை சொல்வது அவள் வேலை. ஒரே பூங்காவை நாலு நாள் தொடர்ந்து யார் பார்ப்பார்கள்? காதலிக்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் பூங்காவைப் பார்ப்பதில்லை.

ரயில் ஓட்டுபவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

"மாமா, அந்தாளு யாரு?"

"டிக்கெட் எடுத்திருக்கான். ஆளு யாருன்னு விசாரிச்சா டிக்கெட் குடுக்கறாங்க?"

"ஃபோனை மடியில வச்சு என் பேச்சைப் பதிவு பண்றான்."

"உன் பேச்சையா? உங்கக்கா பேச்சை நான் சும்மாவே தரேன், எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ரயிலில் பேசும் பெட்டிகளை மாட்டப்போகிறார்கள், இனி ஆள் வேண்டியதில்லை என்று தோட்டக்காரி ஒருத்தி ஏற்கெனவே காதில் போட்டிருந்தாள். பெட்டி எதைப் பேசும்? பூங்காவின் வரலாறு என்று எழுத்தில் இருப்பது வாசல் கல்லில் உள்ள இரண்டு வரிதான். மற்றதெல்லாம் ஓய்வுபெற்ற தோட்டக்காரர்களின் வீடு தேடிப் போய் அவள் பொறுக்கி வந்தது. படகு ஓடும் ஏரி, செங்கல்லுக்கு மண் தோண்டிய பள்ளம். ஊரில் பாதி அந்தக் குழியிலிருந்து எழுந்தது. கண்ணாடி மாளிகை, ஒரு பணக்காரர் தன் ஆரஞ்சுச் செடிகளுக்குக் குளிராமல் கட்டிய வீடு. ரோஜாத் தோட்டத்தில் ஒரு காலத்தில் சிப்பாய்கள் சுடப் பழகினார்கள். இன்றும் மண்வெட்டியில் ஈயக் குண்டு தட்டும்.

மறுநாளும் அந்த ஆள் வந்தான். இசை மேடை வந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த மேடைக்கு அடியில ஒரு முரசு புதைஞ்சிருக்கு. எனக்கப்புறம் இதை யாரும் அடிக்கக் கூடாதுன்னு வாத்தியக்காரர் ஒருத்தர் சாகும்போது சொல்லிட்டாராம்."

முழுப் பொய். திருடன் கழுத்தில் கட்டிய மணி.

அடுத்த வாரம் வாசலில் பெட்டியைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். தேன் தடவிய ஒரு பெண்குரல் ஏரியைச் சொன்னது, ஆரஞ்சைச் சொன்னது, கல் சிங்கத்தைச் சொன்னது, முரசையும் சொன்னது. மாமா எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவள் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"சார், என் கதையைத் திருடிட்டாங்க."

"கதை இல்லம்மா, வரலாறு. அது பொதுச் சொத்து."

"முரசு பொதுச் சொத்து இல்ல. அது நான் கட்டிவிட்டது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அப்ப ஜனங்க காதுல பூ சுத்திட்டிருந்தியா? இது ஒண்ணு போதும், உன்னை வீட்டுக்கு அனுப்ப."

திருட்டை நிரூபிக்கப் போய் அவளே மாட்டிக்கொண்டாள். சுவரில் திறப்பு விழாச் சுவரொட்டி தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மேயர் வருகிறார், பெட்டியின் பேச்சைக் கேட்க.

"அனுப்புங்க சார்," என்றாள். "ஆனா அது ஒண்ணுதான்னு யார் சொன்னா?"

"என்ன சொல்றே?"

"எது நெசம், எது நான் கட்டினதுன்னு எனக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை மேயர் கேப்பாரு. பத்திரிகைக்காரங்களும் கேப்பாங்க."

பச்சைப் பொய். முரசைத் தவிர எல்லாமே உண்மை. அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் பிடி கொடுக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே கல் சிங்கத்தின் முதுகில் யாரோ குழந்தையை ஏற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தன் பூங்காவையே வேற்றாளைப் பார்ப்பதுபோல அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அந்தச் சிங்கத்துக் கதை? அது நெசமா?"

"முதல்ல என் வேலைக்கு ஒரு வழி சொல்லுங்க சார். அப்புறம் சிங்கத்தைப் பத்திப் பேசலாம்."