காணாமல் போன நாற்பத்திரண்டு மணி நேரம்

தடுப்பூசிக் கிடங்கில் அவளுக்கு நோட்டுக்காரி என்று பெயர். அங்குள்ள கணினிகளைப் பராமரிப்பது அவள் வேலை. ஆனாலும் எதையும் நீல அட்டை போட்ட நோட்டில் கையால் எழுதிவைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. "கம்ப்யூட்டர நம்பாத கம்ப்யூட்டர்காரி" என்று சிரிப்பார் கிடங்கு மேலாளர். அவர் அவளுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

குளிர் அறையை இயக்கும் கணினிக்குள் விரல் நகமளவில் ஒரு பாதுகாப்புச் சிப் இருந்தது. தகவலையெல்லாம் சேமித்திருக்கும் வட்டின் பூட்டைத் திறக்கும் சாவி அதற்குள்தான் இருந்தது. சிப் செத்தால் கணினியும் படுத்துவிடும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை ஒரு தடவை, திங்கட்கிழமை காலை ஒரு தடவை அது ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பாள். கறுப்புத் திரையில் ‘ரீட்கிளாக்’ என்று முடியும் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினால் போதும், சிப் சில எண்களைத் தரும். கடைசியாக மின்சாரம் வந்து எவ்வளவு நேரம், பிறந்ததிலிருந்து மொத்தம் எவ்வளவு நேரம் மின்சாரத்தோடு ஓடியிருக்கிறது, எத்தனை முறை அணைந்து எழுந்திருக்கிறது. கணினியின் தேதியைக் கடவுச்சொல் தெரிந்த எவரும் மாற்றலாம். சிப்பின் மொத்த நேரத்தை முன்னால் தள்ளலாமே தவிர, பின்னால் இழுக்க யாராலும் ஆகாது. அவள் எண்களை நோட்டில் எழுதி, தேதி போட்டு, மூடிவைப்பாள்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான். காலை ஒன்பதுக்குப் பார்த்தாள், எழுதினாள், மூடினாள். எழுதினாளே தவிர யோசிக்கவில்லை.

ஒன்பதரைக்கு மருந்து வண்டி கிளம்பியது. ஓட்டுநரை மெதுவண்டி என்பார்கள். முப்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். சைக்கிள்காரன்கூட மணியடித்து வழி கேட்பான். ஏற்றும்போது அவர் பெட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அட்டையெல்லாம் நமுத்துப் போயிருக்கு?" என்று கேட்டார்.

"கதவத் தொறந்து மூடினா வேர்க்கத்தான்யா செய்யும். கையெழுத்தப் போடு" என்றார் மேலாளர்.

போட்டார்.

மூன்று மணி நேரத் தொலைவிலிருந்த மருத்துவமனையில் நர்ஸ் முதல் பெட்டியைத் திறந்ததும் நிறுத்திவிட்டாள். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சதுரம் வெளுப்பாக இருக்க வேண்டும். மருந்து சூடுபட்டால் கறுத்துவிடும். அத்தனை குப்பியிலும் கறுத்திருந்தது. நல்லவேளை, ஒரு குழந்தைக்கும் போடவில்லை. ஆனால் அறுநூறு தாய்மார்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கிடங்குக் கணினியின் பதிவில் சனி, ஞாயிறு முழுக்க நான்கைந்து டிகிரி என்று பத்து நிமிடத்துக்கு ஒரு வரி சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் தப்பு வண்டியில். வழியில் எங்கோ நிறுத்தி, குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை மெதுவண்டியை வேலையைவிட்டு எடுத்தார்கள். அவர் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நான் எங்கயும் நிறுத்தல சார். ஒண்ணுக்குக்கூட இறங்கல" என்றார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும்தான்.

மறுநாள் மாலை வழக்கம்போல நோட்டைத் திறந்தபோதுதான் பழைய வரிகள் கண்ணில் பட்டன. போன வெள்ளி மாலை ஐந்து மணிக்கும் திங்கள் காலை ஒன்பது மணிக்கும் இடையில் அறுபத்துநான்கு மணி நேரம். சிப்பின் மொத்த நேரம் கூடியிருந்தது இருபத்திரண்டு மணி நேரம்தான். அணைந்து எழுந்த எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தது. திங்கள் காலை ஒன்பதுக்கு அந்தக் கணினி உயிர்பெற்று மூன்று மணி நேரமே ஆகியிருந்தது.

கைப்பேசியில் மறுபடி கழித்துப் பார்த்தாள். தவறில்லை. ‘42 மணி நேரம் இல்லை’ என்று நோட்டில் எழுதித் தேதி போட்டாள். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கள் விடியும்வரை குளிர் அறைப் பக்கம் மின்சாரமே இல்லை. அலாரமும் அந்தக் கணினி வழியாகத்தான் அடிக்கும். அதனால் அதுவும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் பதிவில் இருக்கும் நான்கைந்து டிகிரி யாருடையது? முந்தைய வார ஞாயிறை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். புள்ளி மாறாமல் அதே எண்கள். பழைய ஞாயிறை வெட்டி, புது தேதி ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கணினியின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அக்கா புது வீட்டுக்குக் குடிபோன நாள். பந்தி முடியும் நேரத்தில் அத்தான் கையெல்லாம் கறுப்பு மையோடு ஓடிவந்தார். "ஒயர் மாத்தறவன் வந்திருந்தான், லேட்டாயிடுச்சு" என்று கைகழுவினார். அக்கா அதற்குள் நாலு தடவை போன் பண்ணிவிட்டாள். கடைசித் தடவை, "அத்தானக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுடி" என்று போனை இவள் கையில் கொடுத்தாள். இவளும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி இறுதித் தேர்வு தொடங்கியிருந்தது. இவள் தன் நீல நோட்டை மேசைமேல் பிரித்துவைத்தாள். அத்தான் எண்களைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"மெயின் சுவிட்ச எறக்கினேன். வேல முடிஞ்சதும் தூக்கணும். நீங்க போன் மேல போன் பண்ணீங்க, அப்படியே வந்துட்டேன்."

"திங்கட்கிழம பார்த்தப்பவே சொல்லியிருக்கலாமே அத்தான்."

"ஆறு மணிக்குத் தொறக்கிறேன், உள்ள அனல் அடிக்குது. கைகால் ஓடல. சுவிட்சத் தூக்கினேன். ஒம்பதுக்குள்ள குளிர்ந்துடுச்சு. கெட்டிருக்காதுன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சவரு எதுக்குப் பதிவ மாத்தினீங்க?"

அவர் நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். அக்கா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய் அழுதாள். "பரீட்சை முடியட்டும்டி. மூணே வாரம். இப்ப இது வெளிய வந்தா அவ பேனாவத் தொடமாட்டா. அதுக்கப்புறம் நீ என்ன வேணா பண்ணு, நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"அந்த மனுஷனுக்கும் புள்ளைங்க இருக்குக்கா."

"ட்ரைவருக்கு எங்க போனாலும் வேல கெடைக்கும். இவருக்குக் கெடைக்குமா?"

அந்த நியாயம் அவளுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். கூடப் பிறந்தவள் அழுதால் அதை மீறிப் போகக் கால் வராது.

அந்த மூன்று வாரமும் கிடங்கில் அத்தான் எதிரே வந்தால் இருவரும் ஏதாவது காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இதற்கிடையில் பேச்சு ஊர்ந்து மெதுவண்டியின் தெருவரை போயிருந்தது. விஷ மருந்து கொண்டுபோனவன் என்றார்களாம். ஒரு குழந்தை செத்தே போய்விட்டது என்றுகூடச் சொன்னார்களாம். வாயிற்காவலாளி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை அவள் நிர்வாகியின் அறைக்குப் போய் நோட்டை வைத்தாள். மூன்று பேர் கொண்ட குழு கூடியது. ஒருவர் சந்தேகப்பட்டார்: "பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரியுமே. நீங்களே மாத்திட்டு அவர் தலையில கட்டலாமில்ல?"

"பதிவ நான் மாத்தியிருக்கலாம் சார். சிப்போட நேரத்தப் பின்னால கொண்டுபோக என்னால முடியாது. யாராலயும் முடியாது. வேணும்னா உங்க ஆள வெச்சுப் பாருங்க."

வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பார்த்தார்கள். அவர் அதே ஒற்றை வரியைத் தட்டினார். மருந்து கிளம்பிய திங்கட்கிழமை அவள் எழுதிய எண்ணிலிருந்து அன்றுவரை கடந்த நேரம் சிப்பில் பிசகாமல் கூடியிருந்தது; சிப் சரியாகத்தான் ஓடுகிறது, நோட்டும் சரி என்றார். அத்தான் ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் குழுவிலிருந்த அம்மாள் நோட்டின் பக்கத்தை விரலால் தொட்டாள். "‘42 மணி நேரம் இல்லை’ன்னு வெள்ளிக்கிழம தேதி போட்டு நீங்களே எழுதியிருக்கீங்க. நோட்ட இங்க கொண்டுவர்ற வரைக்கும் இருபத்திநாலு நாள். என்ன பண்ணிட்டிருந்தீங்க?"



தீர்ப்பு வந்தது. விஷயம் செய்தித்தாளுக்குப் போனால் கிடங்குக்கே கெட்ட பெயர் என்று, அத்தானை இதே சம்பளத்தில் வேறு கிடங்குக்கு மாற்றினார்கள். அவளுக்குத் தாமதத்துக்காக எழுத்தில் ஒரு கண்டனம். மெதுவண்டிக்கு, ‘விரும்பினால் மீண்டும் சேரலாம்’ என்று ஒரு கடிதம். வருத்தம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அக்கா சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று இவள் போய் வாசலில் நின்றாள். "வழிய மறைக்காத, சோபா வருது" என்றாள் அக்கா. அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக வாங்கிக்கொண்டாள். மெதுவண்டியை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் கண்டுபிடித்தாள். சவ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க. இந்த வண்டி எனக்குத் தோதா அமைஞ்சிருச்சு. மெதுவா போனாலும் உள்ள இருக்கறவங்க புகார் சொல்றதில்ல."

அவள் கடிதத்தைக் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், அந்த இருபத்திநான்கு நாளையும் சேர்த்து. அவர் துணியைப் பிழிந்து பக்கவாட்டுக் கண்ணாடிமேல் விரித்தார். கடிதத்தை ஒருமுறை படித்து மடித்துத் திருப்பித் தந்தார்.

"எனக்கு வேல இருக்கு. இது வேணாம். உங்களால ஒண்ணு முடியுமா?"

"சொல்லுங்க."

"எங்க தெருவுக்கு வந்து, இப்ப எங்கிட்ட சொன்னத அங்க சொல்லணும். எம் பொண்ணு பள்ளிக்கூடம் போய் பத்து நாளாச்சு. விஷக்காரன் மகளுன்னு பக்கத்துல உக்கார விடமாட்டேங்குறாங்க."

"வரேன்."

சவ வண்டியின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவர் முப்பதிலேயே ஓட்டினார். தெருக்குழாயடியில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவள் இறங்கி, தன் வேலை இன்னதென்று சொல்லி, மருந்து கெட்டது கிடங்கில்தான், இவர்மேல் ஒரு தப்பும் இல்லை, ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "யாரு செஞ்சதும்மா?"

"எங்க அத்தான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் வாரமே."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா இருக்குதும்மா உங்க நியாயம்" என்று குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் தண்ணீர் பிடிக்கத் திரும்பினார்கள். நம்பினார்களா இல்லையா என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

எதிரே அவர் வீட்டு ஜன்னலில் பத்து வயதுப் பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் அங்கே ஒருமுறை கையசைத்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்தார். இவள் ஏறப் போனாள்.

"நீங்க பஸ்ல போயிடுங்க. ஸ்டாப் அந்த முக்குலதான்" என்றார்.