ஸ்டியரிங் எந்தப் பக்கம் பிடித்தது

"அண்ணே, எந்தப் பக்கம் பிடிச்சுச்சு? வலதா, இடதா?" என்று ஜெய்னுதீன் வாசலில் நின்று கேட்டபோது நான் சோற்றில் கை வைத்திருந்தேன். ஜங்லிகாட் பகுதியில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் மிஸ்திரி அவன். முழங்கை வரை கிரீஸ். சண்டைக்கு வந்தவன் போலக் கேட்கவில்லை, வைத்தியர் நோயாளியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டான். "வலது" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். முதலாளி காரின் ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இறுகிப் பிடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் கான்டிராக்டர் பக்தவத்சலத்திடம் பதினோரு வருஷமாக மரலாரி ஓட்டுகிறவன். யுத்தகாலத்தில் பட்டாளத்துக்கு உழைத்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்த லாரி. அதன் ஸ்டியரிங்கில் அவ்வளவு ஆட்டம் இருந்தது. கால் வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைவதா வேண்டாமா என்றே யோசிக்கும். நேர் ரோட்டில்கூட இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தன் பாட்டுக்கு மேயப் போய்விடும். வளைவு வந்தால் முன்கூட்டியே தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். கொட்டுகிற மழையில் படாக் மரம் ஏற்றிக்கொண்டு அதை இறக்கத்தில் கொண்டுவர இந்தத் தீவில் குழந்தைவேலுவை விட்டால் ஆள் இல்லை என்று சொல்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு சின்னக் காரைக் கப்பலில் வரவழைத்தார். கடல் உப்பு ஏறி அதன் மூட்டுகளெல்லாம் இறுகிக் கிடந்தன. ஜெய்னுதீன் நாலு நாள் அதன் கீழேயே படுத்துக் கிடந்து சரிசெய்தான். வண்டியை என்னிடம் கொடுக்கும்போது, "அண்ணே, ரெண்டு விரல் போதும். லாரி மாதிரி இழுக்காதீங்க. மொதல்ல மைதானத்துல தோடா, கொஞ்சமா ஓட்டிப் பாத்துட்டு ரோட்டுக்குப் போங்க" என்றான். சொன்னதில் தப்பில்லை. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ டவுசர் போட்டுத் திரிஞ்சப்பவே நான் மரம் ஏத்தினவன்டா. எனக்கு நீ கத்துக் குடுக்கிறியா?" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். மைதானத்துக்கு நான் போகவில்லை.

மறுநாள் முதலாளியும் அவர் மனைவி மங்கையர்க்கரசி அம்மாவும் ஒரு கல்யாணத்துக்காக பெரார்கஞ்ச் கிளம்பினார்கள். அந்தப் பயணத்தின் முதல் சில மைல்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. திருப்ப நினைத்தாலே வண்டி திரும்பியது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு சரளைக்கல்லும் ஸ்டியரிங் வளையத்தின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. பதினோரு வருஷமாக அதே ரோட்டில் போகிறேன், அதன் மேடு பள்ளம் இன்னதென்று அன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது, ஏனென்றால் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பழக்கதோஷத்தில் அது இடமும் வலமும் ஆட்ட, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கார் பணிவாக வளைந்து வளைந்து போனது.

"மெதுவாப் போப்பா, வயித்தக் கலக்குது" என்றார் பின்னாலிருந்து அம்மா.

பெரார்கஞ்சுக்கு முந்தைய வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. ரெண்டு விரல் என்பது மறந்துபோய்த் தோள் முந்திக்கொண்டது. இழுத்த இழுப்பில் கார் வரப்பைத் தாண்டி நெல் வயலுக்குள் போய் நின்றது. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. சேற்றில் இறங்கி நின்று முதலாளி, "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை.

"ஸ்டியரிங் பிடிச்சுக்கிச்சு முதலாளி. மிஸ்திரி ரொம்ப டைட் வச்சுட்டான் போல."

அந்தப் 'போல' எனக்கு நானே விட்டுக்கொண்ட சந்து. பிற்பாடு அதன் வழியாகத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. முதலாளி காதில் அது விழவே இல்லை. மறுநாளே முதலாளியின் மூன்று லாரிகளையும் பழுதுபார்க்கும் வேலை ஜெய்னுதீன் கையைவிட்டுப் போயிற்று. அந்த வேலையை நம்பித்தான் அவன் வாடகைக்கு வீடு பார்த்து, ஊரிலிருந்து மனைவி நசீராவை அடுத்த கப்பலில் அழைத்துவர ஏற்பாடு செய்திருந்தான். முதலாளியம்மா கையை முறித்த மிஸ்திரி என்று பஜார் முழுக்கப் பேச்சு. அவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. காரை மட்டும் பட்டறைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் பெட்டியை மூன்று தடவை பிரித்துப் பூட்டினான்.

மறுபடியும் என்னிடம் வந்தான். "பிடிச்சப்ப கைக்கு எப்படி இருந்துச்சுண்ணே? கல்லு மாட்டின மாதிரி சடக்குன்னு நின்னுச்சா, இல்ல மெதுவா இறுகுச்சா?"

"மெதுவா இறுகுச்சு."

"அப்ப பேரிங்காத்தான் இருக்கும். என் கண்ணுக்குத் தெரியாமப் போச்சே" என்றான். என்னை அப்படியே நம்பினான். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இல்லாத ஒன்றைத் தடவிப் பார்த்ததுபோல நான் சொல்ல, அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போய் ராத்திரியெல்லாம் பேரிங்கைத் தேடியிருக்கிறான். எனக்கு என் கையைப் பார்க்கவே கூசியது.

ஆறாம் நாள் காரை முதலாளி வீட்டில் விடக் கிளம்பினோம். நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "கோளாறு எதுவும் கிடைக்கலண்ணே. எதுக்கும் இருக்கட்டும்னு ஆட்டம் வச்சுட்டேன். இனிமே பிடிக்காது" என்றான். நன்றாக இருந்ததைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஓட்டிப் பார்த்தேன். லாரி மாதிரியே இருந்தது. கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எப்படிண்ணே இருக்கு?"

"டீக் இருக்கு. சரியாயிருச்சு."

திரும்பிப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடம், வலம், இடம், வலம். மேட்டில் முதலாளி வீட்டு கேட் தெரியும்வரை பார்த்துக்கொண்டே வந்தான்.

"நிறுத்துங்க" என்றான். நிறுத்தினேன். "அன்னைக்கும் இப்படித்தான் ஆட்டினீங்களா?"

நான் எஞ்சினை அணைத்தேன்.

"நசீராவுக்குக் கப்பலேற வேணாம்னு தந்தி குடுத்துட்டேன்" என்றான். கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு ஜங்லிகாட் பக்கமாக இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தான்.

வண்டிச் சத்தம் கேட்டு முதலாளி கேட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் அம்மா, கழுத்தில் தொங்கவிட்ட கைக்கட்டோடு. "மிஸ்திரி ஏன் போறான்? என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சானா இல்லையா?" என்று முதலாளி கேட்டார்.

எஞ்சின் அணைந்திருந்தது. கண்ணாடியில் ஜெய்னுதீனின் முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. வாயைத் திறந்தேன். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். நின்ற வண்டியில் என் இரண்டு கைகளும் அதை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தன.