அப்பா நம்பர்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஏழாம் நம்பர் சிஸ்டத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். ஸ்கிரீன் அணைந்தால் மேற்குமலை அதில் வந்து விழும். ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் மின்விசிறி சுற்ற, அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்த மலையடியில்தான் மகாராஜபுரம், எங்கள் வயல்.

இன்று அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. சென்னையில் எம்.எஸ்ஸி. சேர விண்ணப்பிக்க மாலை ஐந்தோடு கடைசி. "அம்புட்டு தூரம் வேண்டாம்" என்று அப்பா சொல்லி ஒரு மாதமாகிறது. அவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று காலையிலேயே வந்து எல்லாம் நிரப்பினேன். நான்தான் பெரிய அறிவாளி ஆயிற்றே! செல்போன் எண் கேட்ட இடத்தில், பள்ளிக்கூட நாளிலிருந்து எழுதிப் பழகிய அப்பா நம்பரை விரல் தானாக அடித்துவிட்டது. ஓடிபி அவருக்குப் போய்விட்டது. எண்ணை மாற்றவும் வழியில்லை.

பிறகு எந்த வகுப்புக்கும் போகவில்லை. சுற்றிலும் லேப்டாப் தட்டும் சத்தம் தூறல் மாதிரிக் கேட்டது. கண்ணயர்ந்தேன். கறுத்த ஸ்கிரீனுக்குள் மலைமேல் ஒரு ரயில் ஏறிப் போனது. உள்ளே நான் இருந்தேன். வரப்பில் அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். விழித்தபோது மணி நாலரை.

நடப்பது நடக்கட்டும் என்று 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்திவிட்டு, மேசைக்கடியில் குனிந்து அப்பாவுக்கு போன் போட்டேன். நூலகர் ஞானபாக்கியம் மேடம் பார்த்தார். என் முகத்தைக் கண்டோ என்னவோ, திரும்பிக்கொண்டார்.

முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். எங்கள் வயலில் டவரே கிடைக்காது. மோட்டார் ரூம் மாடியில் ஏறினால்தான் ஒரு கோடு வரும்.

"அப்பா... ஒரு நம்பர் வந்திருக்கும்."

"வந்திருக்கு, எழுதிக்கோ. நாலு, ஒண்ணு, ஒம்போது..."

ஆறு எண்களையும் நிதானமாகச் சொன்னார். அடித்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சையில் வந்தது.

"எங்கப்பா நிக்கீங்க?"

"மோட்டார் ரூம் மேல. காலைல வீட்ல இருக்கையில ஒண்ணு வந்துச்சு. பக்கத்து வீட்டு ஜெயபாண்டிட்ட காட்டுனேன், மெட்ராஸ் காலேஜுன்னு வாசிச்சான். நீ கேப்பன்னு பாத்தேன், கேக்கல. தண்ணி பாய்ச்ச வயலுக்கு வந்தவன், மறுபடி வரும்போது டவர் இல்லாமப் போயிரக் கூடாதேன்னு இங்கனயே நிக்கேன்."

காலையிலிருந்தா! அந்த வெயிலிலா!

"முடிஞ்சிச்சாட்டி பானு?" என்றார் அப்பா. "எறங்கலாமா?"