நடுவில் இல்லாத ஸ்பீக்கர்

போன மாதம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். பாட்டு கேட்கிற ஆசையில் வாங்கவில்லை. என் மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நம்பி வாங்கினேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

என் பெயர் முத்தரசு. கல்லலில் பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறேன். மனைவி பாண்டீஸ்வரி கிராம சுகாதார நர்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊர் ஊராகப் போய் மாசமாக இருக்கும் பெண்களைப் பார்ப்பது அவள் வேலை. வயிற்றில் ஒரு குழலை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, உள்ளே இருக்கும் பிள்ளையின் துடிப்பை எண்ணுவாள்.

தீபாவளிக்கு நானும் மகள் மீனுவும் சேர்ந்து ஹால் டிவிக்கு ஒரு கம்ப்யூட்டரை மாட்டினோம். ஏற்கெனவே வீட்டில் கிடந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரை அதில் செருகினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் படம் பார்ப்போம். பாண்டி சும்மா உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை. மடியில் ரெஜிஸ்டரை வைத்து எழுதிக்கொண்டே கேட்பாள். எப்போதாவதுதான் நிமிர்ந்து திரையைப் பார்ப்பாள்.

"ஏங்க, இப்ப அவன் என்ன சொன்னான்? பேசுறது ஒண்ணும் விளங்கலையே."

"காதுல பஞ்சு வச்சிருக்கியா? எங்களுக்கெல்லாம் விளங்குதுல்ல."

சத்தத்தைக் கூட்டுவேன். உடனே சண்டைக் காட்சி வரும், பாட்டு வரும், வீடே அதிரும். "ஐயோ, குறைங்க, மண்டை தெறிக்குது" என்பாள். குறைத்தால் மறுபடியும் பேச்சு கேட்காது.

"கூட்டுனாலும் குத்தம், குறைச்சாலும் குத்தம். ஒனக்குக் காது மெஷின்தாம்மா வைக்கணும்" என்று மீனு கிண்டல் செய்வாள்.

முதலில் பாண்டியும் சிரித்தாள். அப்புறம் கேள்வி கேட்பதை விட்டாள். அப்புறம் ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுத ஆரம்பித்தாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் ஒருநாள் அவள் ரெஜிஸ்டருக்குள் ஒரு பேப்பரைப் பார்த்தேன். அவள் கையெழுத்து. செவித்திறன் குறைந்து வருவதால் தன்னைக் களப்பணியிலிருந்து விடுவித்து அலுவலகப் பணி தரும்படி டாக்டருக்கு எழுதிய மனு. தேதி மட்டும் போடவில்லை.

"என்ன பாண்டி இது?"

"படிச்சிட்டீகள்ல. அப்புறம் என்ன கேள்வி?"

"படத்துல பேசுறது கேக்கலைன்னா வேலைய விட்டுருவாகளா?"

"படமாங்க எனக்குப் பெருசு?" அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சித்திரையில ஒரு பிள்ளத்தாச்சிக்கு எனக்குத் துடிப்பே பிடிபடல. குழலை வச்சு வச்சு எடுக்குறேன், ஒண்ணுமே கேக்கல. அந்தப் பொண்ணு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கிடக்கு. அப்புறம் ரேணுகா வந்து வச்சா. வச்ச உடனே கேட்டுட்டா."

ரேணுகா அவளோடு வேலை பார்க்கும் சின்னப்பெண், புதிதாகச் சேர்ந்த நர்ஸ்.

"பிள்ளை நல்லாத்தான பொறந்துச்சு?"

"நல்லாத்தான் பொறந்துச்சு. இன்னொரு நாள் ரேணுகா இல்லாம இருந்தா? எனக்குக் கேக்கலையா, இல்ல உள்ள துடிப்பே இல்லையான்னு தெரியாம நான் நின்னா? அதுல ஒரு உசுரு போச்சுன்னா?"

"முதல்ல காதை டெஸ்ட் எடுத்துப் பாப்போம்."

"எங்குட்டுப் போயி எடுக்க? எங்குட்டுப் போனாலும் எங்க டிபார்ட்மெண்டு ஆளுகதான். நர்ஸம்மாவுக்குக் காது கேக்கலைன்னு மறுநாளே ஊர் பூரா ஆயிரும். வயசானா முதல்ல பேச்சுத்தாங்க விளங்காமப் போகும். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். வர்ற ஒண்ணாந்தேதி குடுத்துர்றேன். நாமளா குடுத்தா மரியாதை."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வேலையில் நான் என்ன செய்ய முடியும்? வீட்டிலாவது அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். காரைக்குடியில் ஆடியோ கடை வைத்திருக்கும் ஹபீப் ரகுமானிடம் போனேன். என் கடைக்கு மோட்டார் வாங்க வருவார். அப்படிப் பழக்கம்.

"பாய், உள்ளதுலயே பெரிய சத்தமா ஒரு செட்டு குடுங்க. ஐயாயிரம் வாட்ஸ்னு வெளிய எழுதியிருக்கே, அது."

"எந்த ஊர்ல திருவிழாண்ணே?"

"வெளையாடாதீக பாய். வீட்டுக்குத்தான். வீட்டுக்காரிக்குக் காது மந்தம்."

"ஹால் எம்புட்டு இருக்கும்?"

"பதினாறுக்குப் பன்னெண்டு."

"அதுக்கு அந்த டப்பாவ வச்சீகன்னா ஜன்னல் கண்ணாடிதான் நல்லாக் கேக்கும், அக்காவுக்குக் கேக்காது. சத்தம் வேற, தெளிவு வேறண்ணே. கேக்கப் போறது யாரு? அக்காதான? அவுகளக் கூட்டியாங்க. செருப்பு வாங்குனா காலைக் கொண்டு வரணும்ல?"

பாண்டி வரமாட்டேன் என்று இரண்டு நாள் சொன்னாள். "செவிடிக்கு என்னத்துக்கு ஸ்பீக்கரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை அரியக்குடி பெருமாளைக் கும்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போய், அப்படியே கடைக்குப் போனோம்.

ஹபீப் இரண்டு ஸ்பீக்கர்களை மேஜைமேல் வைத்திருந்தார். ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஆம்ப்ளிஃபயர் இட்லிச் சட்டி அளவு. பக்கத்துக்கு இருபத்தைந்து வாட்ஸ்தான் என்றார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஒரு அம்மா பாடுகிற பழைய பாட்டை மெதுவாக வைத்தார்.

பாண்டி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"அந்த அம்மா பாடுறதுக்கு முன்னாடி மூச்ச உள்ள இழுக்குது."

"ம்."

"கையில வளவி போட்டிருக்கு. கையை எங்கயோ தட்டித் தாளம் போடுது. பின்னாடி யாரோ சேரை நகத்துறாக."

நான் உற்றுக் கேட்டேன். எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. ஹபீப் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். பாட்டைத் திருப்பிப் போட்டார். மூன்றாவது தடவைதான் அவருக்கு அந்தச் சேர் கேட்டது.

"அக்கா, இந்தப் பாட்ட நான் எட்டு வருசமா கஸ்டமருக்குப் போட்டுக் காட்டுறேன். சேரை நகத்துனது இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இவுகளுக்கா மந்தம்னு சொன்னீக?"

"பாட்டு நல்லாத்தான் பாய் கேக்குது. பேச்சுத்தான் விளங்கல" என்றாள் பாண்டி.

அவர் தன் போனிலிருந்து ஒரு நாடகத்தின் பேச்சைப் போட்டார். பாண்டி ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. எல்லாம் நல்ல ஸ்பீக்கரின் மகிமை என்று அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் டிவிக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டோம். உட்கார்ந்தால் காது இருக்கிற உயரத்துக்கு ஸ்பீக்கர் இருக்க வேண்டும், உட்காருகிற சேரிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஹபீப் சொல்லியிருந்தார். பாண்டி தன் பையிலிருந்து வயிறு அளக்கிற டேப்பை எடுத்து, விரற்கடை பிசகாமல் அளந்து வைத்தாள். அவளே படமும் போடச் சொன்னாள்.

படம் ஓடியது. பின்னணி இசை அவ்வளவு அழகாக வந்தது. மழை பெய்தது ஹாலுக்குள் பெய்த மாதிரி இருந்தது. திரையில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள்.

பாண்டி முகம் மெல்ல மெல்ல மாறியது.

"விளங்கலைங்க" என்றாள். "நிறுத்துங்க. இம்புட்டு நல்ல ஸ்பீக்கர்லயும் விளங்கலைன்னா, அப்புறம் என் காதுதான்." எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் ஹபீபுக்கு வீடியோ காலில் போன் போட்டேன். கடையில் மட்டும் எப்படிக் கேட்டது என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். திரையைக் காட்டச் சொன்னார். மீனு போனைத் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணே, கீழ எழுத்து ஓடுதே, அது என்ன?"

"இங்கிலீஷ்ல பேச்சு எழுத்தா வருது பாய். எப்பவும் வரும்."

"அத நிறுத்திட்டு நீங்களும் பாப்பாவும் கேட்டுட்டுச் சொல்லுங்க."

மீனு எழுத்தை நிறுத்தினாள். திரையில் வாய்கள் அசைந்தன. மழை கேட்டது. கதவு சாத்தியது கேட்டது. பேச்சு எங்கேயோ கிணற்றுக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி முனகியது. நான் மீனுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே விளங்கலப்பா" என்றாள்.

எனக்கும் விளங்கவில்லை. ஒரு வார்த்தைகூட. ஏழு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் பேச்சைக் கேட்கவே இல்லை, படித்திருக்கிறோம். படிக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் படித்திருக்கிறோம். ரெஜிஸ்டரில் கண்ணை வைத்திருந்த ஒருத்திதான் காதால் கேட்க முயன்றிருக்கிறாள். அவளைத்தான் செவிடி என்றோம்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல எத்தனை ஸ்பீக்கர் இருக்குன்னு குடுத்திருக்கீக?" என்று ஹபீப் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் நாள் மாட்டியபோது படம் படமாகக் காட்டி, உங்களிடம் எத்தனை ஸ்பீக்கர் என்று அது கேட்டது. வீட்டில் இருந்தது இரண்டு. நான் ஆறு என்று கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குச் சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்டால் யாரும் சரியான கணக்கைச் சொல்லமாட்டோம். நானூறு பேர் வந்தாலும் ஐந்நூறு என்போம். கூடுதலாகச் சொன்னால் எதுவும் பற்றாமல் போகாது என்று பழகிவிட்டது. கம்ப்யூட்டரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஹபீப் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. "படத்துல பேச்சு பூரா நடு ஸ்பீக்கருக்குத்தாண்ணே போகும். ஒங்க வீட்டுல நடு ஸ்பீக்கரே கிடையாது. ஆளே இல்லாத இலைக்கு ஏழு மாசமாப் பரிமாறிருக்கு அந்தக் கம்ப்யூட்டரு. ரெண்டுன்னு மாத்துங்க."

மீனு மாற்றினாள். நான் அடுப்படிக்குப் போனேன். பாண்டி புளியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாண்டி, வா. தப்பு என் மேல."

"என்ன தப்பு?"

"வந்து கேளு. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

ஈரக் கையோடு வந்து நடுச் சேரில் உட்கார்ந்தாள். மீனு அதே காட்சியைப் போட்டாள்.

படத்தில் இருந்த பெண் பேசினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். குரல் இடது ஸ்டூலில் இருந்து வரவில்லை, வலது ஸ்டூலில் இருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், ஒரு ஆள் நின்று பேசுகிற மாதிரி வந்தது. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்டது. மீனு ஓடிப்போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். டிவி சத்தம் போடுகிறதோ என்று அதில் காதை வைத்தாள். அது ஊமையாக இருந்தது.

பாண்டி எழுந்து போய் டிவிக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, அழுத்தாமல்.

"இங்க ஒண்ணுமே இல்லையேங்க. ஆனா இங்க இருந்துல்ல பேசுறா."

"ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி பேசுதுக்கா" என்றார் ஹபீப் போனில். "ரெண்டு காதும் ஒரே அளவு வாங்குது. உள்ள இருக்குற மூளை நடுவுல ஒரு ஆளை உக்கார வச்சிருது. அதெல்லாம் மேல இருக்குறவன் வேலை. நாங்க சும்மா வயரு மாட்டுறோம்."

பாண்டி திரும்ப வந்து சேரில் உட்கார்ந்தாள். சேரை ஒரு சாண் வலது பக்கம் நகர்த்தினாள். குரல் வலது ஸ்டூலுக்குள் போய்விட்டது என்றாள். இடது பக்கம் நகர்த்தினாள். இடதுக்குப் போய்விட்டது என்றாள். நடுவுக்கு வந்தாள். அசையாமல் இருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"ஏங்க."

"சொல்லு."

"சித்திரையில பாத்த அந்தப் பொண்ணுக்கு நான் குழலை வலது பக்கமே வச்சுத் தேடியிருக்கேன். துடிப்பு பிள்ளையோட முதுகுப் பக்கந்தான் நல்லாக் கேக்கும். வலது பக்கம் முதுகுன்னு கைக்குப் பட்டுச்சு. அதையே நம்பி நாலு விரக்கடைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தேன். ரேணுகா வந்தவ அங்குட்டு, இடது பக்கம் வச்சா. பிள்ளை அங்குட்டு முதுகைக் குடுத்துக் கிடந்திருக்கு." என் பக்கம் திரும்பினாள். "இருபத்தாறு வருசத்துல இது தெரியாதா எனக்கு? காது போச்சு காது போச்சுன்னு வீட்டுல கேட்டுக் கேட்டு, எடத்த மாத்தி வைக்கணும்னே தோணலைங்க. கேக்காதுன்னு முடிவு பண்ணிட்டுல்ல குழலை வச்சேன்."

அந்த முடிவை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தானே. மீனு போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மெஷின் வைக்கணும்னு சொன்னேன்ல, அந்த வாயில ஒரு அடி போடும்மா."

"போடி இவளே" என்றாள் பாண்டி. மகள் தலையில் கையை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "இருந்தாலும் டெஸ்ட் எடுக்கத்தான் போறேன். சிவகங்கை பெரியாஸ்பத்திரியிலயே எடுக்குறேன். யாரு பாத்தா என்ன? எனக்குத் தெரியணும். படம் கேட்டுருச்சுங்கிறதுக்காக ஒரு உசுரு விசயத்துல நான் சும்மா இருக்க முடியாது."

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவளே பஸ் ஏறிப் போனாள். சின்னச் சத்தம், பெரிய சத்தம் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்கு மிக நன்றாகவே கேட்கிறது என்று இரண்டு காதுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு கூட வேலை பார்த்த ஆள் ஒருவர், "என்ன நர்ஸம்மா, காது கேக்கலையா?" என்று வராந்தாவில் சத்தமாகவே கேட்டாராம். "கேக்குதான்னு பாக்கத்தான் வந்தேன்" என்று இவளும் அதே சத்தத்தில் சொன்னாளாம்.

மனுவை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. ஒண்ணாந்தேதி காலையில் கண்டரமாணிக்கம் பக்கம் ஏழு பேரைப் பார்க்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஒருத்திக்கு ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டு துடிப்பு, ரெண்டு எடத்துல. நான்தான் முதல்ல கேட்டேன்" என்றாள்.