வாப்பா பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்

என் பாஸ்போர்ட் அந்த இளம் அதிகாரியின் கையில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது, இதை எத்தனை தடவை பார்த்தாயிற்று, கவுண்டரில் இருக்கும் பெண் திரையைப் பார்ப்பாள், முகத்தில் சிரிப்பு நின்றுவிடும், ஒரு நிமிஷம் சார் என்பாள், அந்த ஒரு நிமிஷத்தில் விமானம் போய்விடும், இன்றைக்கு மட்டும் வேண்டாம் அம்மா என்று கெஞ்சினேன், என் வாப்பா மௌத்தாகிவிட்டார், கீழக்கரை போய்ச் சேர வேண்டும், எங்களில் மய்யித்தை வெகுநேரம் வைத்திருக்க மாட்டார்கள், மண்ணுக்குள் வைக்கும் முன்பு முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றேன், அவள் பாவம், வருத்தமாக இருக்கிறது என்றாள், உட்காருங்கள் என்றாள், உட்கார்ந்திருக்கிறேன்.

எவனோ ஒருவன் என் பெயரில் இருக்கிறானாம், எந்த ஊர்க்காரன், என்ன செய்தான், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுடைய சந்தேகப் பட்டியலில் இருப்பது அவன், நாற்காலியில் இருப்பது நான், வக்கீல் வைத்துக் கேட்டதற்கு நீங்கள் அதில் இருப்பதாகவும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது, இதை வைத்துக்கொண்டு என்னத்தை வாதாடுவது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, பாஸ்போர்ட் எடுத்தபோது ஊர் ஏஜென்ட் எல்லோருக்கும் எழுதுகிற மாதிரி அந்த இடத்தில் வாப்பா பெயரை எழுதிவிட்டார், இபுராஹிம், என் மகனுடையதில் அதே இடத்தில் என் பெயர், குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே, இவன் உங்கள் பிள்ளைதானா என்று போன வருஷம் ஒருவர் துருவித் துருவிக் கேட்டார், பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, எங்கள் ஊரில் பாதிப்பேர் இபுராஹிம் மகன்கள்தான் ஐயா என்றேன், அந்த மனிதர் அதையும் எழுதிக்கொண்டார்.

சைக்கிள் கடையைவிட்டு நகராத வாப்பா, விமானத்தில் காலே வைக்காத வாப்பா, பெயராக என்னோடு வந்து எல்லா ஊரிலும் வரிசையைவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார், மதுரையில் என்னை முதல் தடவை வழியனுப்ப வந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார், பாஸ்போர்ட் பத்திரமா என்று கேட்கிறார், தலையை ஆட்டுகிறேன், பக்கத்து நாற்காலியில் கிரீஸ் வாடை அடிக்கிறது, எவ்வளவு நேரம்டா புடிச்சு வப்பாங்க என்கிறார், தெரியல வாப்பா என்கிறேன், தரை துடைக்கும் பெண் திரும்பிப் பார்க்கிறாள், வாயை மூடிக்கொள்கிறேன், இங்கே தனக்குத்தானே பேசுவதற்கும் ஒரு கேள்வி வரும்.

தம்பி சதக்கத்துல்லா மறுபடி அழைக்கிறான், நேற்றே அடக்கியிருக்க வேண்டியது, நான் வருகிறேன் என்ற ஒரே சொல்லுக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், கண்ணாடிக்கு வெளியே என் விமானம் மெல்லப் பின்னால் நகர்கிறது, அடுத்தது நாளைக்குத்தான், இதை அவனிடம் எப்படிச் சொல்வது. காக்கா, ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க, இன்னும் எவ்வளவு நேரம்ண்டு ஜமாஅத்துல கேக்குறாங்க, மூத்தவர் நீங்க, நீங்க சொல்லுங்க என்கிறான், அவன் குரல் உடைந்திருக்கிறது, விமானம் ஓடுபாதைப் பக்கம் திரும்பிவிட்டது, வேணாம்டா, நீங்க எடுத்துடுங்க, வாப்பாவ இனியும் காக்க வைக்காதீங்க என்று நானே என் வாயால் சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அந்த அதிகாரி வந்தார், எல்லாம் சரியாகிவிட்டது சார், அது நீங்கள் இல்லை என்றார், அது எனக்குக் காலையிலேயே தெரியும் என்றேன், அடுத்த தடவையும் இப்படித்தானா என்றேன், பெயர் அதேதானே சார் என்றார், நல்ல பையன்தான், அவரைத் திட்ட வாய் வரவில்லை, திட்டுவதற்குத் தெம்பும் இல்லை. அப்போது சதக்கு அழைத்தான், கபர்ஸ்தானிலிருந்து, பின்னால் கடல் காற்று இரைகிறது, ஆட்கள் கலைந்து போகும் பேச்சு கேட்கிறது.

முடிஞ்சிருச்சு காக்கா, எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டாங்க, நான் ஆறு பிடி போட்டேன், உங்க மூணையும் சேத்து.